மூன்று தட்டல்களும் மருத்துவச்சியும்
வேலூர் ஆஸ்பத்திரியின் தொடக்கக் கதையை வாசித்தல்

1

வேலூர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிற எவரும் அந்த ஒரு ராத்திரியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1890களின் தொடக்கம், திண்டிவனம், மிஷன் பங்களா. தாய்க்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறார். கதவு தட்டப்படுகிறது. ஒரு பிராமணர். மனைவிக்குப் பிரசவம் ஆகவில்லை, வந்து பார்க்க வேண்டும். "நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப்போங்கள்" என்கிறார் ஐடா. ஆம்பிளை தொட்டுப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று வந்தவர் திரும்பிப் போகிறார். அடுத்து ஒரு முஸ்லிம். அதற்கடுத்து ஒரு முதலியார். இருவரிடமிருந்தும் அதே பதில். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போகிறார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900ன் தொடக்கத்தில் திரும்பி வருகிறார். மீதியெல்லாம் வரலாறு.

கதை பொய் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, அவசியமும் இல்லை. நிறுவனங்கள் தம் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளில் மெய் எது பொய் எது என்று தேடுவதைவிட, கதை எவரையெல்லாம் உள்ளே அனுமதித்திருக்கிறது, எவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது என்று கேட்பது பயனுள்ள காரியம். இந்தக் கதையில் மூன்று கணவர்களும் அவரவர் சாதியும் மதமும் இருக்கின்றன. செத்துப்போன மூன்று பெண்களுக்குப் பெயர் இல்லை. இன்னும் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குப் பெயர் மட்டுமல்ல, இடமே இல்லை. அவள் மருத்துவச்சி.

யோசித்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திண்டிவனத்தில் இடுப்புவலி கண்ட பெண்ணின் பக்கத்தில் ஆளே இல்லாமலா கணவன் நேராக மிஷன் பங்களாவுக்கு ஓடி வந்திருப்பான்? முதல் வலிக்கே மருத்துவச்சிக்குச் சொல்லியனுப்பியிருப்பார்கள். அவள் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, விளக்கெண்ணெய் தேய்த்து, உட்கார வைத்து, நடக்க வைத்து, தனக்குத் தெரிந்த எல்லாம் செய்து பார்த்து, கடைசியில் "எனக்கு முடியலை சாமி, வேற யாரையாச்சும் பாருங்க" என்று சொன்ன பிறகுதான் அந்தக் கணவன் செருப்பை மாட்டியிருப்பான். கதை தொடங்குவதற்கு முன்பே கதையின் பாதி முடிந்துவிட்டது. அந்தப் பாதியை நமக்கு எவரும் சொல்லவில்லை.

அடுத்த கேள்வி இன்னும் சங்கடமானது. மிஷன் பங்களாவின் கதவை அந்த நேரத்தில் போய்த் தட்டக்கூடியவர்கள் யார்? பிராமணர், முதலியார், வசதியுள்ள முஸ்லிம். சேரியில் அதே ராத்திரி, அதற்கு முந்தைய ராத்திரி, எத்தனை பெண்கள் செத்தார்கள் என்பதற்குக் கதை கிடையாது. ஆர்க்காடு மிஷனால் மதம் மாறியவர்களில் பெரும்பகுதியினர் பறையர்கள். அவர்களிடமிருந்து ஒரு தட்டலும் இந்தக் கதையில் வரவில்லை. காரணத்தை ஊகிக்கலாம். இந்தக் கதை சொல்லப்பட்டது அமெரிக்க சபைகளின் பெண்களிடம், நன்கொடை திரட்டும் மேடைகளில். அங்கே கதைக்குத் தேவைப்பட்ட வில்லன், பெண்ணைத் தொடவிடாத கீழைத்தேய ஆண். வறுமையும் தீண்டாமையும் கொல்கிற சாவுக்கு அந்த மேடையில் இவ்வளவு கச்சிதமான வடிவம் கிடைக்காது.

2

மருத்துவச்சி யார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பிரசவம் பார்த்தவர்கள் அம்பட்டர் சமூகத்துப் பெண்கள். தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தம் சாதித் தொகுதிகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் சவரமும் ரணவைத்தியமும், பெண்கள் பேறுகாலமும். இச்சமூகம் தன்னை மருத்துவர் என்றே அழைத்துக்கொண்டது, மற்றவர்கள் வேறு பெயரில் அழைத்தார்கள். எல்லா உயர்சாதி வீட்டுக்கும் அவள் போவாள், ஆனால் ஒரே ஒரு நேரத்தில்தான் போவாள். ரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு. அந்தத் தீட்டைத் தொட ஒரு கை வேண்டும். தீட்டு கழிந்ததும் அந்தக் கை வெளியே போய்விட வேண்டும். அவளுடைய அறிவு அவளுடைய இழிவோடு பிணைக்கப்பட்டிருந்தது. இதை மறந்துவிட்டு "நம் பாரம்பரிய வைத்தியம்" என்று கொண்டாடுவது அயோக்கியத்தனம்.

ஐரோப்பாவில் நவீன மருத்துவமனை பிறந்த கதையை ஃபூக்கோ எழுதியபோது அவர் மையத்தில் வைத்தது பார்வையை. பாரிசின் பொது மருத்துவமனைகளில் ஏழைகளின் உடல் பார்க்கப்படுவதற்குக் கிடைத்தது, அந்தப் பார்வையிலிருந்து ஒரு அறிவும் அந்த அறிவிலிருந்து ஒரு அதிகாரமும் பிறந்தன. இங்கே அந்தச் சட்டகத்தை அப்படியே தூக்கி வைக்க முடியாது. நம் ஊரில் முதல் பிரச்சினை எவர் பார்ப்பது என்பதல்ல, எவர் தொடுவது. மருத்துவமனை தமிழ் மண்ணுக்கு வந்தபோது அது கையைப் பற்றிய கேள்வியாக வந்தது.

சென்னையில் 1885ல் மேரி ஷார்லீப் முன்கையெடுத்துத் தொடங்கிய மருத்துவமனையின் பெயரே இதற்குச் சாட்சி. விக்டோரியா ராணியின் பெயரோடு அது "சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை". சாதிப் பெண்கள் என்றால் எவர் இல்லை என்பது சொல்லாமலே விளங்கும். 1948ல் கஸ்தூரிபா காந்தி பெயர் வைத்தார்கள். திருவல்லிக்கேணியில் ஆட்டோ ஏறினால் இன்றும் "கோஷா ஆஸ்பத்திரி" என்றால்தான் வண்டி நிற்கும். 'சாதி' பெயர்ப்பலகையிலிருந்து போய்விட்டது, 'கோஷா' நாக்கில் நிற்கிறது.

வேலூரில் 1902ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. நாற்பது படுக்கை. நியூயார்க்கைச் சேர்ந்த வங்கிக்காரர் ஷெல், செத்துப்போன தன் மனைவியின் ஞாபகமாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில் கட்டியது. இந்த ஊரைப் பார்த்தேயிராத ஒரு அமெரிக்கப் பெண்ணின் பெயர் கல்லில் நிற்கிறது. எவருடைய சாவைக் காரணம் காட்டிக் கட்டினார்களோ அந்த மூவர் பெயர் எங்கும் இல்லை. ஷெல் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. பெயர் எப்படி வரலாற்றில் ஏறுகிறது என்பதற்கு இது ஒரு பாடம்.

3

ஐடா ஸ்கடரின் சாதனை எது என்று என்னைக் கேட்டால் ஆஸ்பத்திரியைச் சொல்ல மாட்டேன், பள்ளிக்கூடங்களைச் சொல்வேன். ஸ்கடர் குடும்பம் தமிழர் நடுவே டாக்டர்களாக இருந்தது மூன்று தலைமுறை. தாத்தா ஜான் ஸ்கடர் 1820 வாக்கில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர், 1836ல் சென்னைக்கு வந்தார். அவர் மகன்கள் 1853ல் ஆர்க்காடு மிஷனை நிறுவினார்கள். 1866ல் ராணிப்பேட்டையில் இன்னொரு மகன் சைலஸ் மருத்துவமனை தொடங்கினார். அந்த ஆண்கள் எல்லோரும் வைத்தியம் செய்தார்கள். மூன்றாம் தலைமுறையில் வந்த பெண்தான் உள்ளூர்ப் பெண்களின் கையில் வைத்தியத்தை ஒப்படைப்பது என்ற காரியத்தை ஒரு அமைப்பாக்கினார்.

1909ல் டெலியா ஹூட்டன் பொறுப்பில் நர்ஸ் பள்ளி. 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆறு பெண்கள் சேர்ந்தால் ஆரம்பியுங்கள் என்று சென்னை மாகாணத்து மருத்துவத் தலைமை அதிகாரி அவநம்பிக்கையோடு சொன்னதாகக் கதை. 1922ல் பதினான்கு பெண்கள் எல்.எம்.பி. பட்டயம் வாங்கி வெளியே வந்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி பட்டம் பெற்று அப்போது பத்து வருஷம்தான் ஆகியிருந்தது.

நர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். சாதி இந்துக் குடும்பங்கள் தம் பெண்களை டாக்டருக்குப் படிக்க அனுப்பத் துணிந்த பிறகும் நர்ஸ் வேலைக்கு அனுப்பவில்லை. பீத்துணி மாற்றுவது, சீழ் துடைப்பது, அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவது, எல்லாம் தீட்டு. ஆகவே அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள். மிஷன் பள்ளிகளில் எழுத்தறிவு பெற்ற முதல் தலைமுறை, விதவைகள், பஞ்சத்தில் அநாதையானவர்கள். வேறு சொற்களில் சொன்னால், மருத்துவச்சியின் கையைத் தேவைப்படுத்திய அதே தீட்டுக் கணக்குதான் நர்ஸின் கையையும் தேவைப்படுத்தியது.

ஆனால் இரண்டும் ஒன்று என்று முடித்துவிடக் கூடாது. நர்ஸுக்குச் சம்பளம் உண்டு. சர்டிபிகேட் உண்டு. வெள்ளை உடுப்பு உண்டு. வேலை முடிந்ததும் கொல்லைப்புற வழியாக அவள் வெளியேற வேண்டியதில்லை. மருத்துவச்சிக்கு முறத்தில் நெல்லும் பழைய புடவையும் கிடைத்தன, அதுவும் ஆண் குழந்தையானால் கொஞ்சம் கூட. சாதி சொன்ன வேலையைக் கூலி வேலையாக, கூலி வேலையைத் தொழிலாக மாற்றியதில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பங்கு உண்டு. விடுதலையும் தொடர்ச்சியும் ஒரே உடுப்பில் வந்தன. எங்கள் மாவட்டத்தில் ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பம் குடிசையிலிருந்து ஓட்டு வீட்டுக்கும் ஓட்டு வீட்டிலிருந்து கல்லூரிக்கும் போன கதையைக் கேட்டால், நடுவில் எங்காவது ஒரு நர்ஸ் அத்தையோ நர்ஸ் பெரியம்மாவோ இருப்பார். இதைப் பற்றி இலக்கியம் எழுதப்படவில்லை. இதைக் காணாமல் மிஷன் மருத்துவத்தை ஏகாதிபத்தியத்தின் ஏஜெண்டு என்று ஒரே வரியில் தள்ளிவிடும் நம் இடதுசாரி நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

4

இந்த நேரத்தில்தான் மருத்துவச்சி மீண்டும் பேச்சில் வருகிறாள், குற்றவாளியாக. 1927ல் காதரின் மேயோவின் 'மதர் இந்தியா' வந்தது. அதில் ஒரு அத்தியாயம் முழுக்க இந்த நாட்டுப் பேறுகாலத் தாதியின் அழுக்கைப் பற்றியது. காந்தி அதைச் சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்றார். தேசியவாதிகள் கொதித்தார்கள். தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கத்தார் மட்டும் வேறு பக்கம் நின்றார்கள். கோவை அய்யாமுத்து 'மேயோ கூற்று மெய்யா பொய்யா?' என்று புத்தகமே எழுதினார். ஒரு பக்கம் தேசமானம், இன்னொரு பக்கம் சீர்திருத்தம். அந்த வாதத்தில் தாதியிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மருத்துவச்சியைப் புனிதப்படுத்துவது என் நோக்கமல்ல. தொப்புள்கொடி அறுத்த கருவி வழியாகத் தனுர்வாதம் வந்தது, குழந்தைகள் செத்தன. குறுக்கே கிடக்கும் சிசுவை எடுக்க அவளுக்கு வழி கிடையாது. அந்த மூன்று பெண்களைக் காப்பாற்ற அறுவை மருத்துவம் வேண்டியிருந்தது, சந்தேகமே இல்லை. அதே சமயம் அழுக்குக் கை என்பது அவளுடைய தனிச்சொத்தும் அல்ல. வியன்னாப் பொது மருத்துவமனையில் 1847ல் செம்மல்வைஸ் கண்டுபிடித்தது என்ன? தாதிகள் பிரசவம் பார்த்த வார்டில் சாவு குறைவு, டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த வார்டில் சாவு அதிகம். பிணம் அறுத்த கையைச் சரியாகக் கழுவாமல் வந்து பிரசவம் பார்த்தார்கள். சொன்ன செம்மல்வைஸைச் சக டாக்டர்கள் நம்பவில்லை. ஐரோப்பிய டாக்டருக்குக் கை கழுவக் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைத்தது. நம் மருத்துவச்சிக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்க எவருக்கும் அக்கறை இல்லை.

5

மருத்துவப் பள்ளி எப்படி மருத்துவக் கல்லூரியானது என்பதில் பணமும் அரசும் பால் அரசியலும் சிக்கிக் கிடக்கின்றன. 1930களின் கடைசியில் சென்னை மாகாண அரசு பட்டயப் படிப்பை ஒழித்துப் பட்டப்படிப்பாக்க முடிவெடுத்தது. வேலூர் வளர வேண்டும் அல்லது மூட வேண்டும். பணத்துக்காக ஆண்களையும் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த காசு இது, ஆண்களைச் சேர்ப்பது துரோகம் என்று லூசி பீபடி எதிர்த்தார். ஐடா அவரோடு நெடுநாள் நட்பை முறித்துக்கொள்ள நேர்ந்தது. 1942ல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். 1948ல் ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநரானார். ஆணைத் தொடவிடாத பெண்களுக்காக எழுந்த நிறுவனம், ஆண்களை உள்ளே விட்டுத்தான் பெரிய நிறுவனமாக முடிந்தது.

லாப நோக்கமற்றது என்கிறோம். காசு புழங்காத இடம் என்று இதற்கு அர்த்தமில்லை. வசதியுள்ளவர் கட்டுகிற கட்டணம் வசதியில்லாதவரின் படுக்கைக்குப் போக வேண்டும், உபரி எவர் பையிலும் போகாமல் நிறுவனத்துக்குள்ளேயே திரும்ப வேண்டும். இதுதான் ஏற்பாடு. இதில் ஒரு பொறி உண்டு. கட்டணம் கட்டுகிறவர் வரவேண்டுமென்றால் பெரிய மெஷின் வேண்டும். மெஷின் வாங்கக் கட்டணம் கட்டுகிறவர் இன்னும் வேண்டும். ஐடா ஸ்கடர் சாலையில் நடந்தால் இந்தச் சுழற்சியைக் கண்ணால் பார்க்கலாம். வங்காளியில் எழுதிய லாட்ஜ் போர்டு, மீன்குழம்பும் சோறும் போடும் மெஸ், கையில் ஸ்கேன் கவரோடு ஜார்க்கண்டுக் குடும்பம், வங்கதேசத்துக் குடும்பம். ஒரு தேசத்தின் கிழக்குப் பகுதி முழுவதும் மருத்துவம் கிடைக்காமல் ரயிலேறி இங்கே வருகிறது. அது வேலூரின் பெருமை மட்டுமல்ல, அந்த மாநிலங்களின் அரசுகள் மேல் உள்ள குற்றப்பத்திரிகையும் கூட. உள்ளூர்க்காரனைக் கேட்டால், "பெரிய சீக்குன்னா சி.எம்.சி., மத்ததுக்கெல்லாம் பென்ட்லண்டுதான்" என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தான். பென்ட்லண்ட் என்பது அரசு ஆஸ்பத்திரி. தொண்டு நிறுவனம் எவ்வளவு பெரிதானாலும் அரசின் இடத்தை நிரப்ப முடியாது என்பதை வேலூரின் சாதாரண ஜனம் எந்தக் கோட்பாட்டாளரையும் விடத் தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தது.

இதைத் தெரிந்தவர்கள் உள்ளேயும் இருந்தார்கள். 1909 வாக்கில் ஒற்றை சிலிண்டர் பியூஜோ காரில் குடியாத்தம் சாலையோரப் புளியமரங்களின் அடியில் ஐடா வைத்தியம் பார்க்கப் போனது ஒரு தொடக்கம். பிறகு பாகாயத்தில் சமூக மருத்துவத்துக்கென்றே ஒரு மருத்துவமனை, 1977ல் கே.வி.குப்பத்தில் ரூசா. இங்கே படித்தவர்களை ஸ்பான்சர் செய்த சபைகளின் சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு இரண்டு வருஷம் அனுப்பும் ஒப்பந்தமும் இதில் சேர்த்தி. அந்த ஒப்பந்தம் வழியாகத்தான் வேலூர் ஒரு கட்டடமாக இல்லாமல், இந்தியா முழுக்கக் கிளைவிட்ட ஒரு வலையாக ஆனது. மாணவர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை போனால் இந்த வலை அறுந்துபோகும் என்று சொல்லி 2017ல் நீட் கலந்தாய்வை ஏற்காமல் எம்.பி.பி.எஸ். படிப்பில் ஒரே ஒரு மாணவரைச் சேர்த்தார்கள். 2020 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. கிராமத்துக்குப் போகும் மனசை ஒரு தேர்வுத்தாள் அளக்க முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்பேன்: சபையின் ஸ்பான்சர் கடிதம் எந்தெந்தச் சாதி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது? அந்தக் கணக்கைச் சபைகளே எடுத்து வெளியிட்டால் நல்லது.

6

ஆஸ்பத்திரி ஊருக்கு என்ன செய்தது என்று எழுதிக்கொண்டே போகிறோம். ஊர் ஆஸ்பத்திரிக்கு என்ன செய்தது என்ற கணக்கு ஒன்று இருக்கிறது.

1948 வாக்கில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை செய்யத் தொடங்கினார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட வேலை. வட ஆற்காட்டில் தொழுநோய் மிகுந்திருந்ததால்தான் அது இங்கே சாத்தியமாயிற்று. கையை நீட்டிக்கொடுத்த நோயாளிகள் அந்த அறிவின் பங்காளிகள். விரல் நிமிர்ந்த பிறகும் பாதத்தில் உணர்ச்சி வராது, புண் வரும். அதற்கு மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பு வேண்டும். அந்தச் செருப்பைத் தைக்கத் தோலும் ஊசியும் பழகிய கை வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த இந்த மாவட்டத்தில் அந்தக் கைக்குப் பஞ்சமில்லை. சர்ஜன் கையைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. செருப்புத் தைத்த கையைப் பற்றி?

1986ல் சென்னையில் சுனிதி சாலமன் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் எடுத்த ரத்தம் வேலூர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தது. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி இருக்கிறது என்று நாடு தெரிந்துகொண்டது அந்தப் பெண்களின் ரத்தத்திலிருந்து. 2002ல் தொடங்கி வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். 373 குழந்தைகள் மூன்று வயது முடியும்வரை தொடர்ந்தன. வாராவாரம் வீட்டுக்கு வந்து விசாரிப்பதை, வயிற்றுப்போக்கு மாதிரி எடுப்பதை அந்தத் தாய்மார்கள் பொறுத்துக்கொண்டதால் ரோட்டா வைரஸ் பற்றிய அறிவு விளைந்தது. பிறகு இந்தியாவின் ரோட்டா தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2016 முதல் ரோட்டா தடுப்பு மருந்து அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. கட்டணம் வசூலித்து ஏழைக்குக் கொடுப்பது தொண்டு என்றால், தன் உடம்பிலிருந்து எடுத்து உலகத்துக்குக் கொடுத்ததற்கு என்ன பெயர்? ஏழைதான் இங்கே பெரிய நன்கொடையாளர். அவருக்கு ரசீது கிடைக்கவில்லை.

7

மருத்துவச்சிக்கு வருவோம். 1900ல் கதையில் இடமில்லாதவள், 1927ல் குற்றவாளி. 1970களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் அவளைத் தேடி வந்தன. பயிற்சி கொடுத்தார்கள், பிளேடும் நூலும் சோப்பும் வைத்த பெட்டி கொடுத்தார்கள். பாகாயத்தைச் சுற்றிய கிராமங்களிலும் அவர்களைப் பயிற்றுவித்து வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். நூறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நிறுவனம் "உனக்கு என்ன தெரியும்?" என்று அவளைக் கேட்டது. அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 2005க்குப் பிறகு கொள்கை மாறியது, எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். பெட்டி பரணுக்குப் போனது.

தாய்ச்சாவு குறைந்தது. அதை எவரும் மறுக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவம் மருத்துவமனைகளில் நடக்கிறது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. பிறப்புகளில் 44.9 சதவிகிதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. பத்திலிருந்து பதினைந்து சதவிகிதத்துக்கு மேல் எந்த நாட்டுக்கும் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985லேயே சொல்லிவிட்டது. ஆணைத் தொடவிடாமல் மூன்று பெண்கள் செத்த ராத்திரியிலிருந்து, ஏறக்குறைய பாதிப் பெண்கள் கத்திக்கு உட்படும் பகலுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். இரண்டிலும் முடிவெடுத்தது அந்தப் பெண்ணா என்பதுதான் என் கேள்வி. அன்று கணவன் முடிவெடுத்தான். இன்று எவர் எடுக்கிறார் என்று பிரசவ வார்டு வராந்தாவில் அரைமணி நேரம் நின்றால் தெரியும்.

வலி கண்டவளின் பக்கத்தில் ராமுழுக்க உட்கார்ந்திருப்பது என்று ஒரு வேலை இருந்தது. "பயப்படாதடி, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே முதுகைத் தேய்க்கிற வேலை. அது மருத்துவமா இல்லையா என்று டாக்டர்கள் தீர்மானிக்கட்டும். அதைச் செய்த பெண்களில் மிச்சமிருப்பவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் இருக்கும். குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எத்தனை பிரசவம் பார்த்தார்கள், எதில் தோற்றார்கள், எந்த வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டார்கள், ஆஸ்பத்திரி வந்தபோது என்ன நினைத்தார்கள் என்று டேப்பில் பதிவு செய்ய நம் தோழர்கள் முன்வர வேண்டும். வேலூர் ஆஸ்பத்திரியின் வரலாறு நாலைந்து தடவை எழுதப்பட்டுவிட்டது. இந்தப் பகுதி இன்னும் தொடங்கவில்லை, ஆட்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள்.